மூன்றாவது தட்டு

ரிவெட் தட்டுகிறவர் பாலத்தில் வந்து இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. தூறல். நூறு வருஷமாக ஆற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து நிற்கிற இரும்புச் சட்டங்கள் நனைந்து, துரு வாசனை மூக்கை அடைத்தது.

சட்டங்களை இணைக்கும் ஒவ்வொரு ரிவெட் ஆணியையும் சுத்தியலால் ஒரு தட்டு. கணீரென்றால் உறுதி, மந்தமாகக் கேட்டால் தளர்ச்சி. வீட்டில்தான் தன் பேச்சுக்குப் பதில் கிடையாது, இரும்பாவது சொல்கிறதே என்பார்.

துணைக்கு வந்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி. பெயின்டர், பயந்தாங்கொள்ளி. கரைத்தூணை மட்டும் தட்ட வேண்டாம் என்றான். அது உள்ளே வெற்றுக்கூடு, ஓர் ஆள் நிற்கலாம். பாலம் கட்டிய நாளில் ஒருவன் உள்ளே நின்று ரிவெட்டைத் தாங்குவானாம். வெளியே மூன்று தட்டு விழுந்தால் ஆள் மாற்றம்: உள்ளே இருப்பவன் வெளியே வருவான், தட்டியவன் உள்ளே போவான். கடைசித் தகட்டை அடித்து மூடிய அன்று யாரும் மூன்று தட்டவில்லையாம்; உள்ளே நின்றவன் உள்ளேயேதானாம்.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுத்தியலை அவன் கையில் திணித்தார்.

"உங்க அக்காகூட இருபது வருஷம் குடித்தனம் பண்றேன். நீ இதுக்கே நடுங்குறியே மச்சான். தட்டு."

அவர் நோட்டைப் பிரித்தார். பின்னால் மூன்று தட்டு கேட்டது.

திரும்பினால், நடைபாதையில் சுத்தியல் மட்டும்.

அந்தக் காலத்துத் தொழிலாளிபோல் தோல் உடுப்புப் போட்ட ஒருவன் ஊர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தான். அந்த மங்கல் வெளிச்சத்துக்கே கண் கூசியதுபோல் கையால் மறைத்திருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

தூணுக்குள்ளிருந்து குரல்.

"மாமா, விளையாடாதீங்க. இடுப்பைத் திருப்ப முடியல."

இன்ஜினியரை வரவழைத்தார். காதை வைத்துக் கேட்டவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தூணை அறுத்தால் பாலமே ஆற்றில் என்றார். வாயை முகர்ந்து பார்க்காத குறை. 'உறுதி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"மாமா, நீங்க மூணு தட்டுங்க. வெளிய வந்த உடனே உங்களை எடுத்துடுறேன். அக்கா மேல சத்தியம்."

அவருக்குத் திரும்பிப் பார்க்காத அந்த முதுகு ஞாபகம் வந்தது.

தம்பி எங்கே என்று வீட்டில் மனைவி கேட்டாள். வெளியூர் வேலை என்றார். தினமும் மூன்று மணிக்குப் பாலத்துக்குப் போனார். ஒரு தட்டு. இரண்டு தட்டு. கை நின்றுவிடும். மச்சான்மேல் அவருக்கு இரண்டு தட்டு வரைக்கும் பாசம் இருந்தது. உள்ளே அழுகை நாளுக்கு நாள் மெலிந்தது.

ஐந்தாம் நாள் அழுகையே இல்லை.

ஒன்று.

இரண்டு.

தலை குனிந்து சுத்தியலைப் பைக்குள் வைத்தார்.

மூன்றாவது தட்டு உள்ளேயிருந்து விழுந்தது.

வெளிச்சம் அணைந்தது. கன்னம் இரண்டிலும் இரும்பு. மூச்சோடு ஈரப் பெயின்ட் வாசனை ஏறியது.

வெளியே, தெரிந்த செருப்புச் சத்தம் ஊர்ப்பக்கமாக, நிற்காமல், போய்க்கொண்டிருந்தது.