உப்பில்லாத கூண்டு

வேங்கிக்கால் வீட்டின் உள்ளறையில் இரண்டு வலைக்கூண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஐம்பது தேனீக்கள். அவற்றுக்குக் காவல், பரிமாறல் எல்லாம் பத்து வயது கவிநிலாதான். சம்பளம் கிடையாது. பதவி மட்டும் உண்டு: உதவி விஞ்ஞானி.

பதவியைக் கொடுத்தவள் அவள் அக்கா எழிலரசி. சென்னையில் எம்.எஸ்சி. படிப்பவள், லீவுக்கு வந்திருந்தாள்.

"முதல் கூண்டுக்குச் சர்க்கரைத் தண்ணியில தாது உப்பு கலந்து வைக்கணும். ரெண்டாவதுக்கு வெறும் சர்க்கரைத் தண்ணி."

"தாது உப்புன்னா, மாட்டுக்குத் தவிட்டுல போடுவாங்களே, அதுவா?"

"அது மாதிரிதான். இது ரொம்பக் கம்மியா."

"எதுக்குக்கா?"

"தேனீ உடம்புல மரபணுன்னு ஆயிரக்கணக்குல இருக்கு. ஒரு சமையல் புத்தகம்னு வெச்சுக்கோயேன். அதுல எல்லாமே இருக்கும். ஆனா தினமும் எல்லாப் பக்கத்தையுமா திறப்பாங்க?"

"நம்ம வீட்டுல உப்புமா பக்கம் மட்டும்தான் திறக்கும்."

"கேட்டுதுடி!" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

எழிலரசி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "தாது உப்பு சாப்பிட்டா தேனீக்குள்ள எந்தப் பக்கம் திறக்குது, எது மூடுதுன்னு காலேஜ் மெஷின்ல பார்க்கப்போறேன்."

முதல் நாள் ஒழுங்காகப் போனது. இரண்டாம் நாள், இரண்டாவது கூண்டிலிருந்து ஒரு தேனீ வலையோரம் வந்து கவிநிலாவைப் பார்த்தது. அது சுவரில் இருந்த காலண்டரைக்கூடப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் ஒருத்திக்கு மட்டும் ஊறுகாய், இன்னொருத்திக்கு இல்லை என்றால் இது எந்த ஊர் நியாயம்?

அன்றிலிருந்து இரண்டாவது கூண்டுக்கும் யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை தாது உப்பு.

எட்டாம் நாள் எழிலரசி கூண்டுகளைக் கட்டினாள். "நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் வந்துடும். பஸ்ஸுல நிக்கக்கூட இடம் இருக்காது. இன்னிக்கே கிளம்பறேன்." இரண்டாவது கூண்டை மெல்லத் தடவினாள். "இதுங்கதான் தங்கம். துளி உப்பு தின்னாததுங்க. இதோட வெச்சுப் பார்த்தாதான், அதுல என்ன மாறுச்சுன்னு தெரியும். ரெண்டும் ஒண்ணுன்னா என் வேலை அம்பேல்."

கவிநிலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் பதவி போய்விடும்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அக்கா... அதுங்களும் உப்பு சாப்பிட்டுச்சுங்க. நான்தான் போட்டேன். பாவமா இருந்துச்சு."

எழிலரசி செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை நாளா?"

"ஆறு நாளா."

எழிலரசி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"பஸ் ஏறதுக்கு முன்னாடியாவது சொன்னியே," என்று எழிலரசி பெருமூச்சு விட்டாள். "தேனீ வளர்க்கிற அப்பாசாமி மாமாகிட்ட வேற தேனீ வாங்கி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். நீ மறுபடியும் பாவப்படுவியா?"

"படுவேன்." உண்மை பேசும் பழக்கம் அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. கவிநிலா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அக்கா, நீயே ரெண்டு பாட்டில்ல கலந்து வை. ஒண்ணுல செகப்பு நூல், இன்னொண்ணுல மஞ்ச நூல் கட்டு. எதுல உப்புன்னு எங்கிட்ட சொல்லவே சொல்லாத. தெரியலைன்னா யாருக்குன்னு பாவப்படுவேன்? நக்கிப் பார்க்க மாட்டேன், சத்தியம்!"

எழிலரசி தங்கையையே பார்த்தாள். "அடிப்பாவி! பெரிய பெரிய விஞ்ஞானிங்க இப்படித்தாண்டி செய்வாங்க. எனக்குத் தோணவே இல்ல பாரு."

"அப்போ என் பதவி?"

"அதுல 'உதவி'யை எடுத்தாச்சு."

மறுநாள் அடி அண்ணாமலையில் இருக்கும் மாமாவிடமிருந்து புதுத் தேனீக்கள் வந்தன. பழையவை அவர் தோட்டத்துக்கே திரும்பின. விஞ்ஞானி கவிநிலா சிவப்பு நூல் பாட்டிலிலிருந்து ஒரு கூண்டுக்கும், மஞ்சள் நூல் பாட்டிலிலிருந்து மற்றதற்கும் ஊற்றினாள்.

பிறகு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கூண்டுகளுக்காகவும் சரிசமமாகப் பாவப்பட்டாள்.