சங்குமேட்டின் கடைசி சாட்சி

செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு என் மனைவி செசிலியோடு பேசப் போவேன். அவள் இறந்து ஒன்பது வருடமாகிறது. ஆனாலும் ஒரு நாளும் என்னைக் காக்க வைத்ததில்லை.

எங்கள் சங்குமேட்டைக் கடல் எடுத்துக்கொண்டபோது தாலுகா ஆபீசு, கோயில் பதிவேடுகள் எல்லாம் சேர்ந்தே போயின. அதன்பின் அரசாங்கம் உரையாடல் ஆவணகம் கட்டியது. தப்பியவர்கள் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதை வைத்து ஆவணகம் இறந்தவர்களைப் பேச வைக்கும். அதற்குப் பெயர் பேச்சுரு. மூன்று வருடத்துக்குள் யாரும் மறுக்காத வாக்குமூலம், சொன்னவரே திரும்ப எடுத்தாலொழிய, வரலாறாகிவிடும். அதற்கு எதிராக எந்தப் பேச்சுருவும் பேச முடியாது.

செசிலியை அடக்கம் செய்த வாரம் என் முறை வந்தது. எங்கள் வீட்டில் சொல்வது என் வேலை, வெட்டுவது அவள் வேலை. நான் ஆரம்பித்தால் போதும், அடுக்களையிலிருந்து “புளுகாதீங்க” என்று குரல் வரும். அன்று வரவில்லை. அந்தக் குரலுக்காகக் காத்துக்கொண்டே ஆறு மணி நேரம் பேசிவிட்டேன்.

என் தாத்தா கலங்கரை விளக்கத்தை வாரம் ஒருமுறை கழுவுவதற்காகக் கீழே இறக்கி வைப்பார் என்றேன். ஒரு சுறா ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வரும், காணிக்கை நேரத்தில் மட்டும் நழுவிவிடும் என்றேன். மிச்சமிருந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்; யாரும் மறுப்பு எழுதவில்லை. ஒவ்வொருவராக இறந்தும் போனார்கள்.

இந்தச் செவ்வாய், ஆவணகத்தின் கண்ணாடி அறையில் அவள் பேச்சுருவின் எதிரே உட்கார்ந்து, “செசிலி, பூசைக்கு வந்த சுறா ஞாபகமிருக்கா?” என்று கேட்டேன்.

“மறக்க முடியுமாங்க? முன்வரிசையிலதானே உட்காரும்.”

அவள் குரலேதான். மூச்சு வாங்கும் இடம்கூட அதேதான்.

“அடியே, அது பொய். நான் புளுகினேன்.”

“நீங்க பொய்யே சொல்ல மாட்டீங்களே,” என்றாள் அன்பாக.

எழுந்து அலுவலர் பர்வீனிடம் போனேன்.

“என் வாக்குமூலத்தைத் திரும்ப எடுத்துக்கறேம்மா.”

“எந்தப் பகுதிய ஐயா?”

“சுறா, கலங்கரை விளக்கம், இன்னும் முப்பத்தேழு புளுகு இருக்கு.”

“ஒரு பகுதி பொய்னா முழுசும் செல்லாது. அதான் விதி.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “சங்குமேட்டுக்கு நீங்க மட்டுந்தான் பாக்கி. எடுத்துட்டா ஊரே இருக்காது. அம்மாவும் உங்க வாக்குமூலத்துல இருந்துதான் வந்தாங்க. அவங்களும் போயிடுவாங்க.”

“தெரியும்.”

“பொய்யா இருந்தா என்ன ஐயா? வாரத்துக்கு ஒருதடவையாவது பேசுறீங்களே.”

“நாப்பத்திரண்டு வருசம் ஒருத்தி எம்மேல சந்தேகப்பட்டே வாழ்ந்தாம்மா. இவ என்னை நம்புறா. இவளோட எப்படிம்மா குடித்தனம் பண்றது?”

பர்வீன் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. விரல் வைக்கும் பலகையை என் பக்கம் நகர்த்தினாள். வைப்பதற்குமுன் கண்ணாடி அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். செசிலி அடுத்த கேள்விக்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள். உயிரோடு இருந்தவரை அவளிடம் இல்லாத பொறுமை.

விரலை வைத்தேன். அறையில் விளக்கு அணைந்தது.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்குய்யா,” என்றாள் பர்வீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “என்ன போடட்டும்?”

“மனைவி மறுத்துவிட்டாள்னு போடும்மா.”