பன்னிரண்டாவது ஆள்

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே தள்ளியிருந்த அந்தச் சின்ன ஊரில் வேன் நின்றதும், போர்மேன் கார்மேகம் இறங்கிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். பாட்டு நாடகம் போடுவதற்கென்றே ஐம்பது வருடத்துக்கு முன் யாரோ ஒரு பணக்காரர் ஆசை ஆசையாகக் கட்டிய ஆபரா தியேட்டர். நாடகம் இரண்டு வருடம்கூட ஓடவில்லை. பிறகு இந்திப் படம் ஓடியது. கம்பளக் கிடங்கானது. கட்டில்களை அடுக்கி லேபர் கேம்ப் ஆக்கினார்கள். அப்புறம் பல வருடம் பூட்டியே கிடந்தது. இப்போது கல்யாண மண்டபம் ஆகப்போகிறது. அது போடாத வேஷமில்லை.

உள்ளே குதிரை லாடம் போல வளைந்த பால்கனி. மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்கார ஆள் உயரக் குழி. குழியிலிருந்து மேடைக்கு அடியில் ஒரு குனிந்த வழி. கூரை கவிழ்த்த சட்டி மாதிரி இருந்ததால், கீழே ஒருவன் முணுமுணுத்தால் பால்கனியின் கடைசி வரிசை வரை கேட்டது. எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது.

வெயில் காலத்தில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வேலை நிறுத்தம். ஜெனரேட்டரை அணைத்துவிட்டுக் கார்மேகத்தின் ஆட்கள் பதினொரு பேரும் அந்த இருட்டில் நம்பர் வரிசையில் துண்டு விரித்துத் தூங்குவார்கள். மூன்று மணிக்குக் கார்மேகம் விசிலடிப்பான். படுத்தபடியே ஒவ்வொருவனும் தன் நம்பரைச் சொல்ல வேண்டும். எல்லா நம்பரும் வந்த பிறகுதான் ஜெனரேட்டர் ஓடும். இருட்டில் எவனும் விடுபடக் கூடாது என்று கார்மேகமே போட்ட சட்டம் அது. ஏழாம் நம்பர் மாயாண்டி மட்டும் மரியாதையை விடாமல் "ஏழுண்ணே" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

மூன்றாம் நாள், "பதினொண்ணு"க்குப் பிறகு இன்னொரு குரல் வந்தது.

"பன்னெண்டு."

எவனோ விளையாடுகிறான் என்று கார்மேகம் பொதுவாகத் திட்டி வைத்தான். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. சாப்பாட்டுப் பையில் தினம் ஒரு குபூஸ் ரொட்டி குறைவதும் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. சந்தேகம் வந்துவிட்டால் உள்ளங்கை ரேகைகூடத் திருட்டு முழி முழிக்கும். பதினொரு முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் குழியின் ஏணியருகே, கையில் குபூஸோடு மாயாண்டி மாட்டினான்.

"யாரைடா கீழ ஒளிச்சு வச்சிருக்க?"

"நான் வைக்கலண்ணே. அவனாத்தான் இருக்கான்." மாயாண்டி குரலைத் தாழ்த்தினான். "பசிக்குதுன்னு சொல்றான். நம்ம ஊர்ப் பக்கப் பேச்சு. விசா குடுத்த கஃபீல்கிட்ட இருந்து ஓடி வந்தவனா இருக்கும். பாவம்ணே."

"மூஞ்சியப் பாத்தியா?"

"வெளிச்சத்துக்கு வரமாட்டேங்கிறான்."

கார்மேகம் டார்ச்சோடு இறங்கினான். மழையைப் பார்க்காத அந்த ஊரில், அடியில் ஈரச் சுவரின் வாடை அடித்தது. மேடைக்கு அடியில் ஆள் யாருமில்லை. ஆறு குபூஸ்கள் வரிசையாக இருந்தன. காய்ந்து விறைத்திருந்தன.

ஒன்றில்கூடப் பல் பட்டிருக்கவில்லை.

கார்மேகத்துக்குப் பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு அந்தக் குழியைக் கான்கிரீட் ஊற்றி மூடுகிறார்கள். உள்ளே ஆளில்லை என்று கையெழுத்துப் போட வேண்டியவன் அவன்தான். நிஜமாகவே ஒருத்தன் எங்காவது பதுங்கியிருந்தால் அது கொலை. வெளியே சொன்னால், ஓடி வந்தவனுக்கு உதவினான் என்று மாயாண்டியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்.

"நாளைக்கு மூடுறாங்கடா. அதுக்குள்ள அவன் வெளிய போயிரணும். சொல்லிரு."

"சொல்லிப் பாக்குறேன்ணே."

மறுநாள் மூன்று மணிக்குக் கார்மேகம் விசிலடித்தான். பன்னெண்டு வந்தால் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு."

ஆறுக்குப் பிறகு சற்றுத் தாமதம்.

"ஏழு."

எட்டு, ஒன்பது, பத்து வந்தன.

"பதினொண்ணு."

கார்மேகம் காத்திருந்தான். ஒரு சத்தமும் இல்லை. டார்ச்சோடு குழி விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தான். காலி. போய்விட்டான், யாராக இருந்தாலும் போய்விட்டான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணே கலங்கியது. மேடைக்கு அடியிலிருந்த வழியைப் பார்க்க இன்னொரு தரம் கீழே இறங்க அவனுக்கு மனசு வரவில்லை. எண்ணிக்கைதான் சரியாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டான்.

அன்றைக்கென்று ஜெனரேட்டர் முரண்டு பிடித்தது. வெளியே பம்பு லாரி உறுமிக்கொண்டிருந்தது. "இந்தச் சூட்டுல கான்கிரீட் இறுகிடும், லைட்டுக்காகக் காத்திருக்க முடியாது" என்றார் இன்ஜினியர் ரகுநாதன். டார்ச் வெளிச்சத்திலேயே லாரி ஆட்கள் குழாயைக் குழிக்குள் விட்டார்கள். கான்கிரீட் கொழகொழவென்று இறங்கி, மேடைக்கு அடியிலிருந்த வழிக்குள் புகுந்து நிறைந்தது.

கால் மணி நேரம் கழித்து விளக்கு எரிந்தது.

ஏழாவது இடத்தில் துண்டு விரித்திருந்தது. அதன் தலைமாட்டில் ஹெல்மெட் இருந்தது.

ஆள் இல்லை.

"பம்பை நிறுத்துங்கடா" என்று கார்மேகம் கத்தினான்.

அந்த ஏழில் 'ண்ணே' இல்லாமல் போனது அப்போதுதான் கார்மேகத்துக்கு உறைத்தது.

"எண்ணினீங்க இல்ல?" ரகுநாதன் கேட்டார்.

"எண்ணினேன் சார். ஏழுன்னு கேட்டுச்சு சார்."

"யாரு சொன்னது?"

பத்து பேரும் மண்வெட்டியோடு குழியில் குதித்தார்கள். அள்ள அள்ள அது கல்லாகிக்கொண்டிருந்தது. வெளியே எங்காவது போயிருப்பான் என்று ஆளனுப்பித் தேடினார்கள். வாசல் காவலாளி யாரும் வெளியே போகவில்லை என்றான். கார்மேகம் குழி விளிம்பில் உட்கார்ந்து, அந்த ஈரத்தின் மேல் கையை வைத்தான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை எடுத்து ஊதினான்.

அழுதபடியே ஆட்கள் நம்பர் சொன்னார்கள். ஆறு வந்தது. ஏழு வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு வந்தன.

அந்தக் கவிழ்த்த சட்டிக் கூரைக்கடியில், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல், வழக்கமான மரியாதையோடு ஒரு குரல் சொன்னது.

"பன்னெண்டுண்ணே."