மிசூரிக்கு ஒரு சீட்... அச்சங்குளத்தில் ஒரு சாவு!

டமார்!

அச்சங்குளம் கிளை ரோட்டில் நடந்து வந்த சாபிர் அப்படியே நின்றான்.

பட்டாசுக் கம்பெனிப் பக்கம் கரும்புகை!

சட்டைப் பைக்குள் செல்போன் அலறியது. பேக்கிங் செக்‌ஷன் அய்யம்மாள்.

"சாபிரு தம்பி! எங்கன இருக்க?"

"கம்பெனிக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன் மதினி. என்ன சத்தம்?"

"மருந்து ரூம் போயிருச்சு தம்பி! உள்ள... உள்ள கோட்டைச்சாமி..."

போன் அழுதது. பிறகு செத்தது.

கோட்டைச்சாமி! விசா கிடைத்தவன். அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டியவன்.

சாபிர்? விசா கிடைக்காதவன். அதுவும் மூன்றாவது தடவையாக! சென்னையில் நேற்று வாங்கிய 'இல்லை'யைச் சுமந்துகொண்டு சாத்தூரில் ரயிலை விட்டு இறங்கி, இன்டர்வியூவுக்குப் போட்ட பேன்ட்டும் ஷூவுமாக வந்துகொண்டிருந்தான்.

பட்டாசுக் கம்பெனியை அமெரிக்காக்காரன் வாங்கி நாலைந்து வருஷம் ஆகிறது. அவனுக்கு மிசூரியில் இன்னொரு ஃபாக்டரி. இங்கிருந்து அங்கே ஆள் மாற்ற ஒரு தனி விசா. மற்றவனுக்குத் தெரியாத வேலை தெரிந்திருந்தால்தான் கொடுப்பார்கள். வானத்தில் பூவாக விரியும் அந்தப் பச்சைக்கு மருந்து கலக்கத் தெரிந்தவர்கள் கம்பெனியில் இரண்டே பேர். கோட்டைச்சாமி, சாபிர்.

மிசூரியில் மிஷின் கலக்கும். இங்கே கை கலக்கும். சாபிரின் அண்ணன் சம்சு இதே வேலையில் வலது கையைப் பறிகொடுத்தவன்.

சாபிருக்கு இரண்டு கையும் வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான்!

* * *

"சொல்லுலே!"

மத்தியானம், போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி மேஜையைத் தட்டினார். கமுதிப் பக்கத்து ஆள். பட்டாசு வெடிக்கத் தெரியும், செய்யத் தெரியாது.

"விசா கெடைச்சவன் செத்துக் கெடக்கான். கெடைக்காதவன் கேட்டுல நிக்கிற. நான் என்னன்னு நெனைக்க?"

"என்னத்த வேணா நெனைச்சுக்கிடுங்க சார்! மூணு தடவை விசா ஆபீஸ் கண்ணாடிக்கு முன்னால நின்னு கெஞ்சியாச்சு. இப்ப உங்க முன்னால! எனக்குன்னு எவன்யா எழுதினான் இந்தத் தலையெழுத்தை?"

"எகிறாதலே! இது விபத்து இல்ல. பின்மண்டையில அடி விழுந்திருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடிச்சுப் போட்டுட்டுத் திரியைக் கொளுத்தியிருக்கான்!"

எதிர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஃபாக்டரி மேனேஜர் நவநீதகிருஷ்ணன் உச்சுக் கொட்டினார்.

"மிசூரி சீட்டுக்குத்தான் சார் ரெண்டு பேருக்கும் போட்டி. இவன் வயித்தெரிச்சல் ஊருக்கே தெரியும்."

சாபிருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"வயித்தெரிச்சலா? போன தடவை நான் அழுதுக்கிட்டு வந்தப்ப, 'அடுத்த வாட்டி கெடைச்சிரும்லே'ன்னு புரோட்டா வாங்கிக் குடுத்தவன் சார் அவன்! அவனைப் போயி நானா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்தார். பொத்தென்று விழுந்தது ஒரு ஜோடி செருப்பு!

"மருந்து ரூமுக்கு முன்னால தடுப்புச் சுவர். அதுக்கு இங்கிட்டு ரெண்டு ஜோடி கெடந்துச்சு. ஒண்ணு செத்தவனோடதுன்னு அவன் சம்சாரம் சொல்லிருச்சு. இது யாரோடது?"

"நான் ஷூ போட்டிருக்கேன் சார்!"

"கழட்டிட்டு இதை மாட்டு."

மாட்டினான். பாதி கால்தான் உள்ளே போனது. குதிகால் தரையில் நின்றது.

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு தலையைச் சொறிந்தார். "ச்சே! கொலை பண்ண வந்தவன் எவனாவது செருப்பைக் கழட்டி வெச்சுட்டு வருவானா? எவனோ எப்பவோ விட்டுட்டுப் போனதை வெச்சுக்கிட்டு நானும்..."

"வருவான் சார்!" சாபிர் நிமிர்ந்தான். "செருப்புல ஒட்டுன மணலு உரசினாலே போதும், மருந்து பத்திக்கிடும். வேலைக்குச் சேந்த மொத நாளே செருப்பைக் கழட்டச் சொல்லிக் குடுப்பாக. அப்பறம் காலு தானா கழட்டும். எங்க ஊருக்காரன் கொலை பண்ணப் போனாலும் செருப்பை வெளியதான் விடுவான்!"

"எடுக்காம ஏன் போனான்?"

"திரி பத்திக்கிட்டப்பறம் உசுருதான் சார் ஞாபகம் வரும். செருப்பா வரும்?"

"அப்ப அவன் வெறுங்காலோட ஓடியிருக்கணும்..."

சாபிரின் பார்வை மேனேஜர் மேலே தூக்கிப் போட்டிருந்த காலில் நின்றது. செருப்பின் அடியில் பளபளவென்று... விலை ஸ்டிக்கர்!

"மேனேஜர் சார்... செருப்பு புதுசுங்களா?"

"ஆ... ஆமா. பழசு அறுந்துருச்சு."

"கருகின வாடை இன்னும் போகல. ஆளு செத்துக் கெடக்கான். நீங்க செருப்புக் கடைக்கா போனீக?"

மேனேஜரின் கால் மெல்லக் கீழே இறங்கியது.

"சார் தப்பா நெனைக்காதீக," இன்ஸ்பெக்டர் பணிவாகப் பழைய ஜோடியை நகர்த்தினார். "ஒரு தடவை மாட்டிக் காட்டுங்களேன்."

கச்சிதமாகப் பொருந்தியது!

"என்னை என்னய்யா செய்யச் சொல்றீங்க?" நவநீதகிருஷ்ணன் வெடித்தார். "அந்தப் பச்சைக் கலவை அங்க போயிருச்சுன்னா இங்க ஃபாக்டரி எதுக்கு? அமெரிக்காக்காரன் பூட்டிருவான்! நான் இந்த வயசுல எங்க போவேன்? போகாதடான்னு கோட்டைச்சாமிகிட்ட கெஞ்சினேன். சிரிச்சான்! கைக்கு அகப்பட்ட கட்டையை எடுத்துட்டேன்..."

"சாபிருக்கும் விசா வந்திருந்தா?"

"வராது. விசா ஆபீஸ்லேர்ந்து விசாரிச்சு போன் வரும். 'அவனா? பெட்டி ஒட்டுறவன்'னு சொல்லிருவேன். மூணு தடவையும் சொன்னேன்."

"கோட்டைச்சாமிக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"அன்னைக்கு நான் லீவு! எந்த மடையனோ போனை எடுத்து உண்மையைச் சொல்லித் தொலைச்சுட்டான்!"

"பெட்டி ஒட்டுறவனா?" சாபிர் மேனேஜரின் மேல் பாய்ந்தான். "அடப்பாவி! நான்தான்யா உருப்படாதவன்னு இம்புட்டு நாளும் என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன்!"

ஏட்டு அவனைப் பிடித்து உட்கார வைத்தார். மேனேஜரை லாக்கப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

* * *

சாயங்காலம், அதே ஸ்டேஷன். மறுபடியும் செல்போன்.

கம்பெனியின் சென்னை ஆபீஸ் பெரிய அதிகாரி லட்சுமிகாந்தம்.

"எல்லாம் கேள்விப்பட்டேன் சாபிர். உடனே திரும்ப அப்ளை பண்றோம். இந்தத் தடவை விசாரிச்சா நானே பேசறேன். மிசூரி நிச்சயம்!"

சாபிர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். பத்து விரலும் இருந்தன. முதல் தடவையாகச் சிரித்தான்.

"சந்தோசம்லே." உக்கிரபாண்டி முதுகில் தட்டினார். "சரி, பாஸ்போர்ட்டை இங்கன வை."

"எ... எதுக்கு சார்?"

"நீதான முக்கிய சாட்சி? தீர்ப்பு வர்ற வரைக்கும் வெளிநாடு கிளிநாடுன்னு கெளம்பப் படாது."

"கேசு எப்ப சார் முடியும்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நம்ம கோர்ட்டுலயா? வெசனப்படாதலே... அதுக்குள்ள அமெரிக்காக்காரன் விசாவையே ஒழிச்சிருவான்!"