இறக்கைக்குள் ஒரு பாட்டில் தண்ணீர்

போன் அலறியது!

திரையில் 'வீடு'. எடுத்தார் மெக்கானிக்.

"ஏங்க... நான் எங்க இருக்கேன், சொல்லுங்க பாப்போம்?"

"அடுப்படியில."

"இல்லையே! அண்ணன் ஓட்டற பிளேன்ல! ஒரு சீட்டு காலியா இருக்கு, வர்றியான்னான். ஏறிட்டேன். கதவைச் சாத்தறாங்க... வெச்சிடறேன்!"

ஸ்பேனர் நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. வலிக்கவில்லை!

ஏன் என்கிறீர்களா?

நேற்று சாயங்காலம், ஆள் அசந்த நேரம் பார்த்து அந்தச் சின்ன ஜெட்டின் வலது இறக்கைமேல் ஏறி, எரிபொருள் டேங்க் மூடியைத் திறந்து, ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிய புண்ணியவான் இவர்தான்!

எல்லாம் மச்சான் மேல் இருந்த கடுப்பு. மனைவியின் அண்ணன், ஜெட்டின் கேப்டன். சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில், "நம்ம மாப்பிள்ளையும் ஏர்லைன்ஸ்தான்... துடைக்கிற டிபார்ட்மென்ட்!" என்று இளித்த வாய்.

தரையிலேயே இன்ஜின் திக்கித் திணறி நிற்க வேண்டும். பயணிகள் முன்னால் மச்சான் மூக்கு உடைய வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இப்போதாவது திணறி நிற்காதா என்று ஜன்னலோடு ஒட்டிப் பார்த்தார். ஆனால் இன்ஜின் இருமக்கூட இல்லை. ஜம்மென்று ஓடி, ஏறி, மேகத்துக்குள் போய்விட்டது!

எரிபொருளைவிடத் தண்ணீர் கனம். டேங்க் அடியில் படுத்துக் கிடக்கும். உயரே போகப் போகக் குளிரும்... உறையும்... பம்ப் உறிஞ்சி ஃபில்டரில் கொண்டுபோய் அடைத்தால், வலது இன்ஜின் காலி!

இரண்டு இறக்கைக்கும் நடுவே ஒரு குறுக்கு வால்வு வேறு. மச்சான் அதைத் திறந்தால், வலதில் இருக்கும் வினை இடது இன்ஜினுக்கும் போகும்!

காலையில்கூடப் பேசினாளே! அதே இறக்கைக்கு அடியில் குனிந்து வேலை பார்த்தபடி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "உன் அண்ணன் பேச்சை எடுக்காத!" என்று கத்தினாரே! இதைச் சொல்லத்தான் கூப்பிட்டாளோ? காது கொடுத்தாரா மனுஷர்?

வாயைத் திறந்தால் ஜெயில். மூடினால்...

ஓடினார்!

"சார்! பிளேனைத் திருப்பச் சொல்லுங்க! வலது டேங்க்குல தண்ணி... நான்தான் ஊத்தினேன்!"

மேனேஜரின் டீ கப் பாதி வழியில் நின்றது.

"குடிச்சிருக்கியாய்யா?"

"டேங்க்தான் குடிச்சிருக்கு சார்! குறுக்கு வால்வைத் தொடவேணாம்னு மச்சான்கிட்ட சொல்லுங்க! உள்ள என் பொண்டாட்டி இருக்கா!"

கப் உடைந்தது. மேனேஜர் வயர்லெஸ்ஸில் கத்தினார்.

தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதை ஓரம் வரிசை கட்டின. மெக்கானிக் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார். மேகத்தில் ஒரு புள்ளி... பெரிதாகி... சக்கரம் தரையைத் தொட்டது!

அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பெண் இன்ஸ்பெக்டர் விலங்கோடு வந்தார். கையை இவரே நீட்டினார்.

"மாட்டுங்க மேடம். எனக்கு இது பத்தாது."

அப்போதுதான் உள்ளே வந்தார் மேனேஜர். கையில் ஒரு கண்ணாடி ஜாடி.

"டேங்க்கை அலசிப் பாத்துட்டோம். சொட்டுத் தண்ணி இல்ல!"

"சத்தியமா ஊத்தினேன் சார்!"

"ஊத்தினே. அது இதுதானே?"

ஜாடியில் மேலே மஞ்சளாய் எரிபொருள். கீழே பளிங்காய்த் தண்ணீர்.

"டேங்க் அடியில தேங்கற தண்ணியைத் தினம் காலையில வடிக்கிறது யாரு வேலை?"

"எ... என் வேலை."

"இன்னிக்கும் வடிச்சிருக்கே! கேமராவுல பாத்துட்டுத்தான் வர்றேன். தோள்ல போன், வாயில சண்டை... கை மட்டும் டேங்க் அடியில இருக்கிற வடிகால் வால்வை அழுத்தி, தண்ணி நிக்கிற வரைக்கும் பிடிச்சு, ஜாடியை அலமாரியில வெச்சிருக்கு!"

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "வாயை மூடிட்டு இருந்திருந்தா ஒரு ஈ காக்காய்க்குத் தெரிஞ்சிருக்காதேய்யா!"

கிளிக்! விலங்கு பூட்டிக்கொண்டது.

வாசலில் மனைவி. பின்னால் மச்சான், வாழ்நாளில் முதல்முறையாக வாய் மூடி.

அவள் ஜாடியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"எடுத்த காரியத்தை ஒழுங்கா முடிக்கத் தெரியாதுன்னு இத்தனை வருஷமா உங்களைத் திட்டினேனே... இனிமே திட்ட மாட்டேங்க!"