நாற்பத்தொரு மணி நேரம்

முத்துராணி பாளையங்கோட்டை அலுவலகத்தின் மாடியேறி வந்தபோது தேவசிகாமணி தினசரியை மடித்து வைத்தார். முப்பது வருடம் நீதிமன்றத்தில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். ஷம்ஸியாவிடம் துப்பறியும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தமக்கு மூளை இருப்பதே தெரிந்தது என்பார்.

“எம் புருசன் இசக்கிராஜாவக் கொலைக் கேசுல உள்ள வச்சிருக்காவ. அவுக கொல்லலக்கா” என்று முத்துராணி வக்கீல் கொடுத்த காகிதக் கட்டை ஷம்ஸியாவின் மேசையில் வைத்தாள்.

சேரன்மகாதேவியில் காந்திமதிநாதன் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார், தனிக்கட்டை, தன் வயலின் மோட்டார் அறையில் மண்டை உடைந்து கிடந்தார். திங்கட்கிழமை அவரை முதலில் பார்த்தது பக்கத்து வயல்காரன் செந்தூர்பாண்டி. முத்துராணியின் சொந்த அண்ணன். ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு அந்த அறை வாசலில் இசக்கிராஜா வாத்தியாரோடு சண்டை போட்டதைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னதும் அவன்தான். பிணத்தின் கைக்கடிகாரம் ஞாயிற்றுக்கிழமைத் தேதியில் 9.40க்கு நின்றிருந்தது. இறந்து ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை இருக்கலாம் என்று டாக்டர் பொதுப்படையாக எழுதிவிட்டார். கூடப்பிறந்தவள் தாலியில் எவன் கை வைப்பான் என்று ஊரே சாட்சியை நம்பியது.

“ஒங்க வீட்டுக்காரர் அன்னைக்கு எங்க இருந்தாரு?” என்றாள் ஷம்ஸியா.

“புதன்கெழம கூடங்குளத்துக்கு வேலைக்குப் போனாவ. சனி ராத்திரிதான் வந்தாவ. ஞாயித்துக்கெழம காலைல வயலுக்குப் போனது நெசம்.”

“அப்பம் கடியாரம் அவரத்தான காட்டுது” என்ற தேவசிகாமணி, அவள் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஷம்ஸியா காகிதங்களோடு இருந்த பிணத்தின் கைப் புகைப்படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “கண்ணாடியில ஒரு கீறல் இல்ல அண்ணாச்சி. இது அடிபட்டு நின்ன வாட்ச் இல்ல. முகப்புல ‘ஆட்டோமேட்டிக்’னு போட்டிருக்கு.”

காகிதக் கட்டுக்குள் வாத்தியாரின் நோட்டு நகலும் இருந்தது. கடைக்கார நண்பர் இரண்டு கடிகாரங்களைக் கொடுத்து, பத்து நாள் கட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் பேட்டரி கிடையாது. ஒன்றுக்குத் தினம் சாவி கொடுக்க வேண்டும், மற்றதற்குக் கை ஆடினாலே போதும். வாத்தியார் பரீட்சைத்தாள் திருத்துவதுபோல் தினமும் காலையில் இரண்டுக்கும் குறிப்பு எழுதியிருந்தார்.

ஷம்ஸியா வாசித்தாள்: “‘சாவி வாட்ச் நாளுக்கு எட்டு செகண்ட் முந்துகிறது. தானாக ஓடுவது பன்னிரண்டு செகண்ட் பிந்துகிறது. ஆனால் கழற்றி வைத்த பிறகும் நாற்பத்தொரு மணி நேரம் ஓடியது. இதையே வாங்கலாம்.’ வெள்ளிக்கெழம காலைல எழுதுனது. அதுக்குப் பெறகு ஒரு வரி இல்ல.” நிமிர்ந்தாள். “ஒங்கள ஆரும்மா கூட்டிட்டு வந்தது?”

“எங்கண்ணன்தான். கீழ நிக்கான். சாட்சி சொன்னாலும் பாவம், கேசுக்கு அவன்தான் அலையுதான்.”

மேலே கூப்பிட்டதும் செந்தூர்பாண்டி வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றான்.

“ஞாயித்துக்கெழம வாத்தியார் உசுரோட இருந்தாரா?”

“நின்னு பேசிக்கிட்டிருந்தாரு. மாப்பிள்ளைன்னு பாத்தா முடியுமா? கண்ணால பாத்ததச் சொல்லணும்லா.”

“அவரு கையில கெடந்தது, கை ஆடுனா ஓடுத வாட்ச். ஞாயித்துக்கெழம பேசிக்கிட்டிருந்தவரு கையில, நீங்க திங்கக்கெழம பாக்கும்போதும் அது ஓடிக்கிட்டிருக்கணும். கை அசையாமக் கெடந்து நாப்பத்தொரு மணி நேரம் கழிச்சுத்தான் அது நிக்கும். அண்ணாச்சி, பின்னால எண்ணுங்க.”

தேவசிகாமணி விரல்விட்டு எண்ணினார். “வெள்ளி சாயங்காலம் நாலு நாப்பது.” அந்த நேரத்தைக் காகிதத்தில் எழுதினார். “அப்பம் இசக்கிராஜா கூடங்குளத்துல.”

“நின்ன நேரந்தான் செத்த நேரம்னு ஊரு நெனைக்கும்” என்றாள் ஷம்ஸியா, குரலை உயர்த்தாமல். “திங்கக்கெழம அந்த வாட்ச்சப் பாத்துட்டு, அதுக்குத் தோதா ஒரு சண்டைய உண்டாக்குனீங்க. ஞாயித்துக்கெழம வயலுக்கு வந்தது மாப்பிள்ளதான், அதனால அவரு. வெள்ளிக்கெழம வாய்க்காத் தண்ணி பாய்ச்சுதது ஆரு முறை?”

முத்துராணிதான் பைய யோசித்துச் சொன்னாள். “வாத்தியார் முறை. ஆனா அன்னைக்குத் தண்ணி நம்ம வயலுக்குல்லாண்ணே பாஞ்சுது.”

சொல்லி முடித்த பிறகே அவளுக்குப் புரிந்தது. தேவசிகாமணியால் அவளைப் பார்க்கவே முடியவில்லை.

செந்தூர்பாண்டி சுவரில் சாய்ந்து சரிந்தான். “‘ஏலே, மடைய அடை’ன்னாரு. மம்பட்டியால ஒரே அடிதான் தாயி. மாப்பிள்ளைய எப்படியும் ஜாமீன்ல எடுத்திரலாம்னு நெனச்சேன்.”

ஷம்ஸியா கண்ணைக் காட்டினாள். தேவசிகாமணி போலீசுக்குப் போன் போட்டார். முத்துராணி அழவில்லை. அண்ணன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு பேரும் வருவோம்னு அம்மை சோறு பொங்கி வச்சிருப்பா” என்றாள். “அவகிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?”