பதினொன்று வாங்கிய கணவர்

தில்லைநாயகிக்கு மிகப் பொருத்தமான துணை மூன்றாம் மாடி ஹேமலதாதான் என்று துணைமானி சொல்லிவிட்டது. ஹேமலதாவுக்கு எண்பத்தெட்டு மதிப்பெண். தில்லைநாயகியோடு நாற்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்திய கோதண்டபாணிக்குப் பதினொன்று.

கோதண்டபாணி கூடத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்தார். சொந்த வீட்டுப் படுக்கையறைக் கதவு அவர் முகத்துக்கு நேராகச் சாத்தியிருந்தது. உள்ளே மனைவிக்கு இன்னும் மூன்று நாளோ நான்கு நாளோ என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

சாகக் கிடப்பவர்களை ஆஸ்பத்திரிக் குழாய்களுக்கு நடுவே தள்ளிவிடாமல், வீட்டிலேயே வைத்து அக்கம்பக்கத்தார் முறைபோட்டுப் பக்கத்தில் உட்காருவது அந்த அடுக்ககத்தில் ஆறு வருட வழக்கம். அதற்கென்று ஒரு துணைக்குழுவே இருந்தது. அப்புறம் துணைமானி வந்தது. நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை, சுவரில் ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான். அறைக்குள் ஓர் ஆள் நுழைந்ததும் நோயாளியின் நாடி, மூச்சு, வியர்வை மூன்றையும் பார்த்து, அந்த ஆளால் எவ்வளவு அமைதி கிடைக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். யார் எப்போது உட்கார வேண்டும் என்ற முறைப்பட்டியலையும் அதுவே தயாரித்துவிடும். கடைசி நாட்களில் அறுபதுக்குக் கீழே வாங்கியவர்கள் உள்ளே போகக் கூடாது என்பது குழுவின் விதி.

அந்த விதியைக் கொண்டுவந்த புண்ணியவான் கோதண்டபாணிதான். கீழ்வீட்டுப் பெரியவர் சாகும்போது மகன்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்று ஊரைக் கூட்டியதைப் பார்த்துவிட்டு, பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினார். முப்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். "டிரைவர் ஆயிரம் கதை சொல்லுவான். மீட்டர் முள்ளு என்ன காட்டுதோ அதான் நெசம்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். முதல் கையெழுத்தும் அவருடையதே.

"ரெண்டு வருஷமா பீ மூத்திரம் அள்ளுனவன்மா நானு," என்றார் இப்போது, துணைக்குழுச் செயலாளர் பர்வீனிடம்.

"தெரியாதாண்ணே? ஒருவேளை அதனாலதானோ என்னமோ. நீங்க உள்ள வந்தாலே ஊசி குத்தப் போறாரு, பொரட்டிப் போடப் போறாருன்னு அவங்க ஒடம்பு பதறுது போல."

அது உண்மையாக இருக்கலாம் என்று தோன்றியதும் கோதண்டபாணிக்கு அவமானமாக இருந்தது. தன் கை பட்டாலே அவளுக்கு வலிதான் ஞாபகம் வருமென்றால், இத்தனை நாள் செய்ததற்கு என்ன அர்த்தம்?

மறுபரிசோதனை கேட்டார். விதியில் அதற்கு இடமிருந்தது. சவரம் செய்துகொண்டு, அவளுக்குப் பிடித்த இளம்பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பூனைநடை நடந்து உள்ளே போனார். பள்ளிக்கூட வாத்தியாரிடம் பேசுவது போல மெல்லிய குரலில், "எப்படி இருக்க நாயகி?" என்றார். தில்லைநாயகி கண்ணைத் திறந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாடி எகிறியது. திரை சிவந்தது. ஒன்பது.

பிறகு அவர் கதவருகிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டாதவரை விதி ஒன்றும் சொல்லாது. கதவைக் கொஞ்சம் திறந்து உள்ளே பார்த்தார். ஹேமலதா நல்ல பெண்தான். சத்தத்தை அணைத்துவிட்டுப் போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லைநாயகி அசையாமல் கிடந்தாள். திரையில் எண்பத்தெட்டு.

காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று ஹேமலதா எழுந்து போனாள். காலி நாற்காலிக்குத் துணைமானி தொண்ணூற்றேழு போட்டது.

மறுநாள் காலை முறைப்பட்டியலில் யார் பெயரும் இல்லை. 'துணை தேவையில்லை' என்று மட்டும் இருந்தது. பர்வீன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"அண்ணே, மெஷின் நல்லாக் கத்துக்கிச்சு. நம்ம அடுக்ககத்துல ஏழு வீட்டுக்கு இப்ப ஆளே போறதில்ல. ஏழு வீட்லயும் நூத்துக்கு நூறு. எல்லாரும் நிம்மதியா இருக்காங்க."

"யாரு நிம்மதியா இருக்கா?"

பர்வீன் படியிறங்கினாள். அவளுக்கு வேறு வீடுகள் இருந்தன.

கோதண்டபாணி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நிறுத்தி வைத்த வண்டியில் எந்த முள்ளும் ஆடாது. டிப்போவில் கூட்டிப் பெருக்குகிறவனுக்குக் கூடத் தெரிந்த விஷயம். இது தனக்கு உறைக்க இத்தனை நாளா ஆனது? தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இருந்த மூன்று நான்கு நாளில் ஒரு நாளையே வீணாக்கியாயிற்று.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். திரை சிவந்து கூவ ஆரம்பித்தது. தில்லைநாயகி கண்ணைத் திறந்தாள். மூச்சுக்கு ஒரு வார்த்தையாகத்தான் பேச முடிந்தது.

"எங்க... போய்த் தொலைஞ்சீங்க?"

"என்னை உள்ள விடல."

"யாரு... விடல?"

நான்தான் என்று சொல்லக் கோதண்டபாணிக்கு வாய் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். அவள் உதறினாள், பிறகு தானே பிடித்துக்கொண்டாள்.

"தூங்கிட்டு... இருந்திருப்பீங்க. விருத்தாசலத்துல... தூங்குன மாதிரி."

அது கல்யாணமான வருடத்துச் சண்டை. இரவு ரயிலில் இறங்க வேண்டிய விருத்தாசலத்தை விட்டுவிட்டு அரியலூரில் போய் விழித்தார்கள். தூங்கியது யார் என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை.

"நானா தூங்குனேன்? என் தோள்ல எச்சி வடிய வடியத் தூங்குனது யாரு?"

"பொய்யி... வாயத் தெறந்தா... பொய்யி."

நாடி எகிற, நெற்றியில் வியர்வை அரும்ப, தில்லைநாயகி சண்டை போட்டாள். நடுவில் அயர்ந்தாள், விழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கோதண்டபாணி அழுதுகொண்டே எதிர்வாதம் செய்தார். எச்சரிக்கை போய்ச் சேர்ந்து ஓடிவந்த பர்வீன் வாசலிலேயே நின்றுவிட்டாள். வெளியே வரச் சொல்லத்தான் வந்தாள், ஆனால் சொல்லவில்லை. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு, பிற்பகல் மூன்றரைக்கு, "நீங்கதான்..." என்று ஆரம்பித்த தில்லைநாயகி முடிக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஆறாம் நாள் பர்வீன் ஒரு படிவத்தோடு வந்தாள். அதில் துணைமானியின் அறிக்கை இருந்தது. 'கடைசி நான்கு மணி நேரம்: கடும் அமைதியின்மை. மதிப்பெண்: சுழியம். காரணத்தைக் குடும்பத்தினர் எழுதவும்.'

கோதண்டபாணி பேனாவை வாங்கி எழுதினார்: 'நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.'

பர்வீன் அதை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். படிவத்தை மடிக்கப் போனவள் மடிக்காமலே நின்றாள்.

"ரெண்டாம் மாடியில எங்கம்மா ஒம்போது நாளா நூறுலயே கெடக்காங்கண்ணே," என்றாள்.